க்யூட் பொதுத் திறனறித் தேர்வு: கைடா, பள்ளிப் புத்தகமா, மாதிரித் தேர்வா?

மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்காக 2022 முதல் நடத்தப்படும் க்யூட் நுழைவுத் தேர்வில், பொதுத் திறனறித் தாளுக்கு எதை வைத்துப் படிப்பது என்பதில்தான் மாணவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். 2025 முதல் 50 வினாக்களும் கட்டாயம், நேரம் 60 நிமிடம். சரியான விடைக்கு 5 மதிப்பெண் கிடைக்கும், தவறினால் 1 குறையும். ஆக ஒரு வினாவுக்கு 72 விநாடிதான்.

தடிமனான கைடு எல்லாப் பகுதிகளையும் ஓரிடத்தில் தருகிறது. தொடர் எண்கள், குறியீட்டு மொழி, திசையறிதல், இரத்த உறவு போன்ற தர்க்க வினாக்கள் பள்ளிப் பாடத்தில் தொடர்ச்சியாக வருவதில்லை என்பதால், அவற்றுக்கு அது உண்மையிலேயே உதவும். ஆனால் நடப்பு நிகழ்வுகள் பகுதி அச்சேறும்போதே பழசாகிவிடும். அதற்கு நாளிதழே போதும். 2024 வரை சில வினாக்களை விட்டுவிடும் சலுகை இருந்ததால், அந்த அமைப்பில் மாதிரித் தாள்கள் கொண்ட பழைய பதிப்பைப் பாதி விலைக்குக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.

கணக்குப் பகுதிக்கு என் தேர்வு பள்ளிப் புத்தகமே, ஏனெனில் அங்கே கேட்கப்படுவது பெரும்பாலும் எட்டாம் வகுப்பு அளவிலான அடிப்படைக் கணிதம்தான். விலை 20 விழுக்காடு ஏறி, பிறகு 20 விழுக்காடு இறங்கினால் நிகர மாற்றம் என்ன என்ற வினாவுக்குக் கைடு ஒரு சூத்திரத்தைத் தரும். அது மறந்தால் கை நின்றுவிடும். நூறு ரூபாய் 120 ஆகி, அந்த 120-இல் 24 குறைந்து 96 ஆகிறது என்று புரிந்துகொண்டவருக்கு, 4 விழுக்காடு சரிவு என்பது எண்களை மாற்றிக் கேட்டாலும் வந்துவிடும். நம் எட்டாம் வகுப்புப் புத்தகத்தின் ‘வாழ்வியல் கணிதம்’ பாடம் இந்த இடத்தில் எந்தக் கைடுக்கும் சளைத்ததல்ல.

வேகத்தைக் கற்றுத்தருவது மாதிரித் தேர்வு மட்டுமே. க்யூட்டை நடத்தும் தேசியத் தேர்வு முகமையின் இலவசப் பயிற்சித் தேர்வுகளையும் முந்தைய வினாத்தாள்களையும் முடித்த பிறகே கட்டண மாதிரித் தேர்வுத் தொடர்களைப் பற்றி யோசிக்கலாம். அவற்றில் வினாக்களின் எண்ணிக்கையைவிட, தவறான விடைக்கான விளக்கமே முக்கியம். தமிழில் தேர்வெழுத விரும்புவோர், பணம் கட்டுமுன் தமிழ் வினாக்கள் உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்; மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பதால், வினாவை இரு மொழியிலும் படித்துப் பழகுவதும் நல்லது.