டேலி, டோக்கன், பனியன் பஞ்சு: வெளியில் கணக்கு வேலை பார்க்க எந்தக் கருவி?

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுவதும் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்வதும் என் வேலை. காலையில் அனுப்பர்பாளையத்தில் ஒரு நிட்டிங் யூனிட், மதியம் பல்லடம் ரோட்டில் ஒரு கட்டிங் செக்‌ஷன், சாயங்காலம் அவினாசியில் ஒரு சின்ன ஏற்றுமதிக்காரர் என்று பைக்கில் சுற்றிக்கொண்டே இருப்பேன். இந்தச் சுற்றலுக்கு டேப்லெட், 15.6 அங்குல லேப்டாப், 14 அங்குல லேப்டாப் மூன்றையும் வருடக்கணக்கில் உழைக்க விட்டிருக்கிறேன். இதே மாதிரி வேலை பார்ப்பவர்கள் புதிதாக ஒன்று வாங்கும்முன் என் அனுபவத்தையும் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எடை, விலை, பேட்டரி எல்லாம் அப்புறம். நம் வேலையில் எது கொஞ்சமும் வளைந்துகொடுக்காதோ அதிலிருந்துதான் தேர்வு தொடங்க வேண்டும். எங்களுக்கு அப்படி இரண்டு இருக்கின்றன. ஒன்று டேலி பிரைம் என்ற கணக்கு மென்பொருள்; வவுச்சர் (ஒவ்வொரு வரவு செலவுக்கும் போடும் பதிவு) போட்டு வேலை செய்கிற முழு டேலிக்கு விண்டோஸ் வேண்டும். இன்னொன்று டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், அதாவது பென் டிரைவ் மாதிரி சொருகும் கையெழுத்துச் சாவி. தனிநபர் நிறுவனம், கூட்டு நிறுவனம் என்றால் செல்போனுக்கு வரும் ஓ.டி.பி.யிலேயே ரிட்டர்னை முடித்துவிடலாம். பிரைவேட் லிமிடெட், எல்.எல்.பி. என்றால் டோக்கன் சொருகித்தான் ஆக வேண்டும். அதற்கு டோக்கனைக் கணினிக்கு அடையாளம் காட்டும் டிரைவர், போர்ட்டலில் கையெழுத்துப் போட உதவும் எம்சைனர் மென்பொருள், ஒரு யு.எஸ்.பி. துளை மூன்றும் தேவை. இந்த இரண்டையும் தாங்காத கருவி எவ்வளவு அழகாக இருந்தாலும் மாத ரிட்டர்ன்களின் கடைசி நாட்களான 11-ம் தேதியும் 20-ம் தேதியும் கைகொடுக்காது.

டேப்லெட்டை அதனால் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அரைக் கிலோதான், விசிறி இல்லை, சூடாகாது. ஜாப் ஒர்க்குக்கு (வெளியே கூலிக்குச் செய்துவர) போன துணியின் டெலிவரி சலானை அங்கேயே படம் எடுத்து வைக்கலாம். முதலாளியிடம் பாக்கி வர வேண்டியவர்கள் பட்டியலைக் கையில் கொடுத்துக் காட்டலாம். பார்க்கவும் காட்டவும் அதைவிட நல்ல கருவி இல்லை. ஆனால் ஆபீஸ் கணினியை ரிமோட்டில் திறந்து அதில் டேலி பதிவு போடுவது வேறு கதை. டேலியில் கை ஓடுவதே எஃப் வரிசையில்தான்: எஃப்5 பேமெண்ட், எஃப்6 ரசீது, எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல். டேப்லெட்டோடு விற்கும் மெல்லிய கீபோர்டுகள் பலவற்றில் அந்த வரிசையே கிடையாது. போதாக்குறைக்குத் தகரக் கூரை போட்ட யூனிட்டுக்குள் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கிவிடும். எழுத்து ஒவ்வொன்றும் தாமதித்துத் தாமதித்து வந்து விழும். இன்னொன்று, ஆபீஸ் கணினியில் விண்டோஸ் ஹோம் இருந்தால் அதன் சொந்த ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே நுழைய முடியாது, புரோ பதிப்பு வேண்டும். இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

15.6 அங்குல லேப்டாப்பில் நம்பர் பேட் இருக்கிறது. கணக்கெழுதுகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது கணக்கெழுதுகிறவனுக்குத்தான் தெரியும். ஆனால் சார்ஜரோடு சேர்த்தால் எடை இரண்டு கிலோவைத் தாண்டும். நாள் முழுக்க முதுகில் கிடந்தால் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும். யூனிட்டுகளில் நமக்குக் கிடைக்கும் இடமும் செக்கிங் டேபிளின் ஒரு மூலைதான். அதில் பெரிய லேப்டாப்பை விரித்தால் பில் கட்டு வைக்க இடம் இருக்காது.

இப்போது என்னிடம் நிலைத்திருப்பது 14 அங்குலம், சுமார் 1.4 கிலோ. திரை 16:10 விகிதம். பழைய 1366 x 768 திரையோடு ஒப்பிட்டால் எக்செல்லில் கீழே பல வரிசைகள் கூடுதலாகத் தெரிகின்றன. 14-ம் தேதி ஜி.எஸ்.டி. போர்ட்டலில் 2பி (நமக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியல்) வந்ததும் அதைக் கொள்முதல் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கிறவர்களுக்கு இந்த வரிசைகள் பொன்னானவை. நம்பர் பேட் தனியாக வாங்கிக்கொண்டேன். ப்ளூடூத் வகையாகப் பாருங்கள். குட்டி ரிசீவர் சொருகும் வகை ஒரு யு.எஸ்.பி. துளையை அடைத்துவிடும்.

புது லேப்டாப்பைத் திறந்ததும் டேலியில் எஃப்8 அடித்தால் விற்பனை வவுச்சர் வராமல் ஒலியோ திரை வெளிச்சமோ கூடும். பயப்பட வேண்டாம். பல மாடல்களில் எஃப்என் விசையையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்தினால் எஃப் விசைகள் அவற்றின் சொந்த வேலைக்குத் திரும்பிவிடும்.

எங்கள் ஊருக்கே உரிய தொல்லை பஞ்சு. நிட்டிங் யூனிட்டில் கண்ணுக்குத் தெரியாமல் பறந்துகொண்டே இருக்கும். லேப்டாப்பின் அடியில் காற்று இழுக்கும் ஓட்டைகளில் முதலில் சாம்பல் நிறத்தில் மெல்லிய படலம் படியும். நாளாக ஆக அது உள்ளே போய், விசிறிக்கும் வெப்பம் வெளியேறும் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துணி மாதிரி அடர்ந்து உட்கார்ந்துவிடும். அப்புறம் விசிறி இரையும், சூடு ஏறும், டேலி தடுமாறும். பலர் லேப்டாப் பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். அடி மூடியைக் கழற்றி பிரஷ்ஷால் எடுத்துவிட்டால் பழைய வேகம் திரும்பிவிடும். அதனால் அடி மூடி சாதாரணத் திருகுகளோடு எளிதாகக் கழலும் அலுவலக வகை லேப்டாப்பாகப் பார்த்து எடுங்கள். மெத்தை, மடி, துணிக் கட்டு மேல் வைத்து ஓட்டவே கூடாது.

மின்சாரத்துக்கு வருகிறேன். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் காலையிலிருந்து மாலை வரை கரண்ட் இருக்காது, வைஃபையும் போய்விடும். செல்போன் ஹாட்ஸ்பாட்டும் டைப்-சி வழியாகச் சார்ஜ் ஆகும் லேப்டாப்பும் இருந்தால் அன்றும் வேலை நடக்கும். ஆனால் சாதாரண செல்போன் பவர் பேங்க் லேப்டாப்பைத் தூக்காது. பி.டி. (பவர் டெலிவரி) என்று குறித்து 65 வாட் தரக்கூடியதாக இருக்க வேண்டும்.

நினைவகம் 8 ஜி.பி. என்றால் ஓடும். டேலி, எக்செல், குரோமில் போர்ட்டல், பி.டி.எஃப். பில்கள் எல்லாம் சேர்ந்து திறந்திருக்கும்போது 16 ஜி.பி.தான் நிம்மதி. மெல்லிய மாடல்கள் பலவற்றில் நினைவகத்தைப் பலகையிலேயே பற்றவைத்திருப்பார்கள், பின்னால் கூட்ட முடியாது. வாங்கும்போதே முடிவெடுத்துவிட வேண்டும்.

வழக்கமான இன்டெல், ஏ.எம்.டி. வகைக்குப் பதிலாக ஏ.ஆர்.எம். சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப்புகளை இப்போது பலர் கேட்கிறார்கள். பேட்டரி விஷயத்தில் அவை உண்மையிலேயே அருமை. ஆனால் அவற்றில் பழைய மென்பொருள்கள் மொழிமாற்ற அடுக்கு வழியாக ஓடினாலும் டிரைவர்கள் அப்படி ஓடாது. உங்கள் டோக்கனுக்கும் யூனிட்டில் உள்ள பிரிண்டருக்கும் அந்தச் சிப்புக்கான டிரைவர் உண்டா என்று உறுதியாகத் தெரியாமல் கை வைக்காதீர்கள்.

பட்ஜெட் கம்மி என்றால் கம்பெனிகள் பயன்படுத்திவிட்டுத் தள்ளிய அலுவலக லேப்டாப்பைத் தாராளமாக வாங்கலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதால் விண்டோஸ் 11 ஏறக்கூடியதாக இருக்க வேண்டும். இன்டெல் என்றால் 8-ம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். பல கட்சிக்காரர்களின் கணக்கு அதில் இருக்கும், வண்டியில் போகும்போது தொலைந்தாலும் யாரும் திறக்கக் கூடாது. அதனால் டிஸ்க்கையே பூட்டிவைக்கும் பிட்லாக்கர் உள்ள விண்டோஸ் புரோ பதிப்பா என்றும் பாருங்கள்.

கடைக்குப் போகும்போது டோக்கனையும் கையோடு எடுத்துப் போங்கள். சொருகி, டிரைவரை ஏற்றி, கடவுச்சொல் கேட்கும் பெட்டி வருகிறதா என்று பாருங்கள். அடாப்டர் போட்டுத்தான் சொருக முடிகிறது என்றால் லேசாக அசைத்துப் பாருங்கள், இணைப்பு விடுபடக் கூடாது. இதற்குச் சம்மதிக்காத கடை என்றால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.