எந்தக் கபாலா? சடங்கு மாந்திரீகத்தின் அடித்தளம் பற்றி ஓர் ஒப்பீடு

மேற்கத்திய சடங்கு மாந்திரீகம் பற்றி எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் அந்தப் படம் வந்துவிடும். பத்து வட்டங்கள், அவற்றை இணைக்கும் 22 பாதைகள். ஜீவ விருட்சம் என்பார்கள். பக்கத்திலேயே, இது கபாலா, யுகயுகமாக வரும் யூத ரகசிய ஞானம் என்ற தொனியில் ஒரு பத்தியும் இருக்கும். படம் சரி, பத்திதான் இடிக்கிறது. மாந்திரீகப் புத்தகங்களில் வரும் அந்த வடிவம் 17ஆம் நூற்றாண்டில் ரோமில் இருந்த யேசுசபைத் துறவி அத்தனாசியஸ் கிர்ச்சரின் நூலில் உள்ள வடிவத்தை ஒட்டியது. அதில் ஒட்டியிருக்கும் டாரட் சீட்டு, கிரகம், நிறம், வாசனைப் பொருள் எல்லாம் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு பாரிஸிலும் லண்டனிலும் சேர்ந்தவை.

ஆக, கபாலாவை அடித்தளமாக வைத்துப் பயிற்சி செய்யப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், எந்தக் கபாலா என்று கேட்டாக வேண்டும். யூதக் கபாலா ஒன்று, கிறிஸ்தவக் கபாலா ஒன்று, மேற்கத்திய மாந்திரீகர்கள் தங்களுக்கென்று உருவாக்கிக்கொண்ட ஹெர்மெடிக் கபாலா ஒன்று. கபாலாவே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சடங்கு மாந்திரீகம்தான் நோக்கம் என்றால் மூன்றாவதுதான் பொருந்தும். முதலாவது அதன் அசல் பிரதி என்று நினைத்து அங்கே போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அது வேறு வேலைக்காக உருவானது.

யூதக் கபாலா

பத்து செஃபிரோத் (இறைவன் வெளிப்படும் பத்து நிலைகள், படத்தில் உள்ள வட்டங்கள்; ஒருமையில் செஃபிரா), 22 எபிரேய எழுத்துகள், ஆக 32 ஞானப் பாதைகள் என்ற கணக்கு செஃபெர் யெட்ஸிரா என்ற மிகச் சிறிய பழைய நூலில் இருக்கிறது. ஆனால் நாம் கபாலா என்று அறிவது 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென் பிரான்சில் துளிர்த்து, 13ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் தழைத்தது. இந்த மரபின் தலையாய நூலான ஸோஹர் 1280களை ஒட்டி காஸ்டீல் பகுதியில் வெளிவரத் தொடங்கியது. 2ஆம் நூற்றாண்டு ரபி ஷிமோன் பர் யோஹாயின் போதனை என்று அது தன்னைச் சொல்லிக்கொள்கிறது. அதில் பெரும்பகுதியை எழுதியவர் மோசே தெ லியோன் என்று கபாலா ஆய்வாளர் கெர்ஷோம் ஷோலெம் வாதிட்டார். அவர் தனியாக எழுதவில்லை, ஒரு குழுவே எழுதியது என்பது பிந்தைய ஆய்வாளர்கள் சிலரின் கருத்து.

1492இல் யூதர்கள் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டார்கள். அடுத்த நூற்றாண்டில் கலிலேயாவின் மலை ஊரான ஸஃபேத் இந்த மரபின் தலைநகரம் ஆனது. ஐசக் லூரியா அங்கே வந்தது 1570இல். 1572இல் கொள்ளைநோயில் இறந்துபோனார். அந்த இரண்டே வருடப் போதனையைச் சீடர் ஹயிம் விட்டால் எழுதிவைத்தார், மரபே திசை மாறியது. இறைவன் தன்னைச் சுருக்கிக்கொண்டு படைப்புக்கு இடம் தந்தான். ஒளியைத் தாங்கிய பாத்திரங்கள் உடைந்தன. சிதறிய பொறிகளை மீட்டுச் சேர்ப்பது மனிதனின் கடமை. திக்குன் எனப்படும் அந்தச் சீரமைப்பு எதனால் நடக்கும்? ஓய்வுநாள் காப்பது, உணவு விதி, தினசரி ஜெபம், வேதம் ஓதுவது என்று கட்டளைகளை உரிய மன ஒருமிப்போடு செய்வதால். இதைக் கழித்துவிட்டால் லூரியா சொன்னதில் பாக்கி எதுவும் இருக்காது.

இந்த மரபில் மாந்திரீகமே கிடையாது என்றும் சொல்ல முடியாது. தாயத்து, தேவநாமங்கள், பேய் விரட்டுதல் எல்லாம் நடைமுறைக் கபாலா என்ற பெயரில் இருந்தன. ஆனால் பெரியவர்கள் அதைச் சந்தேகத்தோடே பார்த்தார்கள். லூரியாவே தன் சீடர்களை அதிலிருந்து விலக்கினார். 13ஆம் நூற்றாண்டின் ஆபிரகாம் அபுலாஃபியா மட்டும் ஒரு தனிப் பிறவி. எழுத்துகளை மாற்றி மாற்றிக் கோத்து, மூச்சோடும் தலை அசைவோடும் உச்சரித்துத் தீர்க்கதரிசன நிலையை எட்டலாம் என்றார். 1280இல் போப்பைப் பார்க்கவே கிளம்பிப் போனார். போப் மூன்றாம் நிக்கோலஸ் அந்த நேரம் பார்த்து இறந்துபோனதால் தலை தப்பியது. மற்ற மரபிலிருந்து கபாலாவுக்கு வருகிறவர்களுக்கு இவரைத்தான் அதிகம் பிடிக்கும். கட்டளைகளைவிட நுட்பத்தை முன்னால் வைத்தவர் என்பதால் இருக்கலாம்.

கிறிஸ்தவக் கபாலா

இதை வேகமாகக் கடக்கலாம். இன்று தனிப் பயிற்சியாக இதைக் கைக்கொள்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் பாலம் இதுதான். 1486இல் ஜோவானி பிகோ தெல்லா மிராந்தோலா 900 கருத்துகளை விவாதத்துக்கு வைத்தார். கிறிஸ்துவின் தெய்வத்தன்மையை மாந்திரீகத்தையும் கபாலாவையும் போல உறுதிசெய்யும் வேறு அறிவு இல்லை என்பது அதில் ஒன்று. பிகோவுக்கு அப்போது 23 வயது. போப் விவாதத்துக்குத் தடை போட்டார். ஜெர்மனியின் யோஹான்னஸ் ராய்ஷ்லின் ஒரு படி மேலே போய், எபிரேய வேதத்தில் வரும் நான்கெழுத்து தேவநாமத்தின் (ய-ஹ-வ-ஹ) நடுவே ஷின் என்ற எழுத்தை நுழைத்து அதை இயேசுவின் பெயராக வாசித்தார். யூத நூல்களை எரிக்கச் சொன்னவர்களுக்கு எதிராகத் துணிந்து வாதாடியவரும் இதே ராய்ஷ்லின்தான். பிறகு அக்ரிப்பா 1533இல் முழுமையாக அச்சிட்ட தன் பெருநூலில் கபாலா, ஜோதிடம், தேவதூதர் பெயர்கள், எண் சதுரங்கள் அனைத்தையும் ஒரே தட்டில் வைத்தார். ஐரோப்பிய மாந்திரீகர்கள் அதிலிருந்து இன்றுவரை எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

ஹெர்மெடிக் கபாலா

1850களில் பாரிஸில் எலிஃபாஸ் லேவி என்ற மாந்திரீக எழுத்தாளர் டாரட்டின் 22 பெரிய சீட்டுகளை 22 எபிரேய எழுத்துகளோடு முறையாகப் பொருத்தினார். இந்தப் பொருத்தத்துக்கு யூத மரபில் ஆதாரம் கிடையாது. டாரட் என்பது 15ஆம் நூற்றாண்டு வட இத்தாலியில் ஆட்டத்துக்காக வந்த சீட்டுக்கட்டு. ஆனால் 22க்கு 22 என்ற எண் பொருத்தம் அவ்வளவு கவர்ச்சியாக இருந்தது.

1888இல் லண்டனில் வெஸ்ட்காட், மேதர்ஸ், வுட்மன் மூவரும் கோல்டன் டான் என்ற மாந்திரீகச் சங்கத்தைத் தொடங்கினார்கள். முந்தைய வருடம்தான் ஸோஹரின் சில பகுதிகளை மேதர்ஸ் ஆங்கிலத்தில் வெளியிட்டிருந்தார், அதுவும் 17ஆம் நூற்றாண்டு லத்தீன் பதிப்பிலிருந்து. சங்கத்தின் படிநிலைகளையே மரத்தின் மேல் அமைத்தார்கள். நுழையும்போது மரத்துக்கு வெளியே. முதல் படி மல்குத், அதாவது பூமி. அங்கிருந்து ஒவ்வொரு செஃபிராவாக மேலே. கவிஞர் யேட்ஸ் இதில் உறுப்பினர். பெண்களுக்குத் தொடக்கத்திலிருந்தே சம இடம் கொடுத்தார்கள். ஆண்களின் படிப்பறைக்குள்ளேயே வளர்ந்த யூதக் கபாலாவோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். 1909இல் அந்தச் சங்கத்தில் முன்பு இருந்த மாந்திரீகர் அலெஸ்டர் க்ரௌலி இந்தப் பொருத்தங்களை அட்டவணைகளாக்கி 777 என்ற பெயரில் வெளியிட்டார்.

அந்த அட்டவணையில்தான் ஹெர்மெடிக் கபாலாவின் சாரம் இருக்கிறது. மரம் இங்கே இறைவனின் உள்வாழ்வு என்பதைவிட, நன்றாக ஒழுங்குபடுத்திய மளிகைக் கடை அலமாரி. திஃபெரெத் என்ற செஃபிராவின் தட்டைத் திறந்தால் சூரியன், பொன், மஞ்சள், சாம்பிராணி, ஆறு என்ற எண், ஒசிரிஸ் எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும். சூரிய சக்தி சார்ந்த சடங்கு செய்ய வேண்டுமா? எதை அணிவது, எதைப் புகைபோடுவது, எந்தப் பெயரை அழைப்பது என்று யோசிக்கவே வேண்டாம். சடங்கு செய்பவருக்கு இந்த வசதி சாதாரணமானதல்ல. ஒப்பீட்டில் இது ஜெயிப்பதற்குக் காரணமும் இதுதான்.

ஒரே தூதர்கள், இரண்டு சடங்குகள்

வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன சோதனை போதும். யூதர்கள் படுக்கப் போகும்போது சொல்லும் ஜெபத்தில் ஒரு வரி உண்டு: எனக்கு வலப்புறம் மிகாயேல், இடப்புறம் காப்ரியேல், முன்னே ஊரியேல், பின்னே ரஃபாயேல், தலைக்கு மேல் இறைவனின் பிரசன்னம். குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுக்கும் ஜெபம். தூங்கும் உயிரைக் காத்துக்கொள் என்பதுதான் வேண்டுதல்.

கோல்டன் டான் புதியவர்களுக்கு முதலில் கற்றுத்தந்த ஐங்கோண (ஐமுனை நட்சத்திர) விலக்குச் சடங்கிலும் இதே நால்வர் வருகிறார்கள். ஆனால் இடம் மாறிவிட்டது. கிழக்கு நோக்கி நிற்பவருக்கு முன்னே ரஃபாயேல், பின்னே காப்ரியேல், வலத்தில் மிகாயேல், இடத்தில் ஊரியேல். காரணம் பூதங்கள்: கிழக்கு காற்று, மேற்கு நீர், தெற்கு நெருப்பு, வடக்கு நிலம். தூதர்களைத் திசைக்கும் பூதத்துக்கும் ஏற்ப வரிசை மாற்றியிருக்கிறார்கள். தலைக்கு மேல் இருந்த பிரசன்னத்தின் இடத்தில் ஆறு முனை நட்சத்திரம் வந்து நிற்கிறது.

சடங்கின் தொடக்கம் இன்னும் சுவாரசியம். நெற்றி, மார்பு, வலத் தோள், இடத் தோள் என்று தொட்டு, மல்குத், கெபுரா, கெதுலா என்று செஃபிராப் பெயர்களை எபிரேயத்தில் சொல்வார்கள். காதுக்குக் கபாலாவாகத்தான் கேட்கும். பொருளைப் பார்த்தால், பரமண்டல ஜெபத்தின் முடிவில் வரும் "ராஜ்யமும், வல்லமையும், மகிமையும் என்றென்றைக்கும் உம்முடையவைகளே" என்ற வரிதான் அது. கைச்செயல் சிலுவை அடையாளம். அதாவது யூத உடை போட்ட கிறிஸ்தவச் செயலை, எந்த மதமும் கட்டாயமில்லாத ஒரு மாந்திரீகர் செய்கிறார். மூன்று கபாலாவும் அரை நிமிடத்தில் வந்து போய்விடுகின்றன.

அடுத்தது, யூதர் எவரும் சாதாரணமாக உச்சரிக்காத நான்கெழுத்து நாமம். ஜெபத்தில் அது வரும் இடத்தில் அவர்கள் அதோனாய் என்பார்கள். கோல்டன் டான் சடங்கில் அதே நாமத்தை எழுத்தெழுத்தாக, உடம்பே அதிரும்படி ஓங்கி ஒலிக்க வேண்டும். ஒரு பக்கம் பெயருக்கு முன் அடங்கி நிற்பது பயிற்சி, இன்னொரு பக்கம் பெயரை இயக்குவது பயிற்சி. இரண்டையும் ஒரே பாதையின் இரு கிளைகள் என்று சமாதானம் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

அலமாரியின் ஓட்டைகள்

ஹெர்மெடிக் முறைதான் பொருந்தும் என்றேன். குறை இல்லை என்று சொல்லவில்லை. லேவி எபிரேயத்தின் முதல் எழுத்தான அலெஃபை வித்தைக்காரன் சீட்டுக்குக் கொடுத்தார். கோல்டன் டான் அதையே முட்டாள் சீட்டுக்குக் கொடுத்தது. ஒன்று நகர்ந்ததும் ஏறக்குறைய எல்லாச் சீட்டும் ஒரு எழுத்து தள்ளிப்போகும். பிறகு க்ரௌலி வந்து நட்சத்திரத்தையும் சக்கரவர்த்தியையும் இடம் மாற்றினார். மூவருமே தங்கள் பொருத்தமே உண்மையானது என்றார்கள்.

மரத்தின் கோடுகளும் அப்படித்தான். லூரியா மரபின் மரத்தில் அடியில் உள்ள மல்குத்துக்கு, அதற்கு மேலே உள்ள யெஸோத் வழியாக ஒரே பாதை. மூன்று கிடைக்கோடுகள் மூன்று தாய் எழுத்துகளுக்கும், ஏழு செங்குத்துகள் ஏழு இரட்டை எழுத்துகளுக்கும், 12 சாய்வுகள் 12 தனி எழுத்துகளுக்கும் உரியவை. 22 எழுத்துகளைச் செஃபெர் யெட்ஸிரா பிரித்த அதே கணக்கு. கிர்ச்சர் வடிவத்தில் மல்குத்துக்கு மூன்று பாதைகள். கோல்டன் டான் எழுத்துகளை மேலிருந்து கீழே வரிசையாக ஒட்டிக்கொண்டே போனது. படத்தின் அமைப்பிலிருந்து எழுத்து வந்த அழகு இங்கே போய்விட்டது. இந்த ஒரு விஷயத்தில் யூத மரம் கண்ணுக்கே தெளிவாக மேல்.

நமக்கு நெருக்கமான ஓட்டையும் ஒன்று உண்டு. க்ரௌலியின் குரு போன்றவரான ஆலன் பென்னெட் 1900இல் இலங்கைக்குப் போனார். அங்கே சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த பொன்னம்பலம் இராமநாதனின் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்துகொண்டே, அவரிடம் யோகம் பயின்றார். இராமநாதன் மத்தேயு, யோவான் சுவிசேஷங்களுக்கு யோக நோக்கில் உரை எழுதியவர். மறுவருடம் க்ரௌலியும் வந்து சேர்ந்தார்; கண்டியில் பென்னெட்டோடு தங்கி ஆசனமும் பிராணாயாமமும் பழகினார். 777இல் சக்கரங்களுக்கும் இந்துக் கடவுள்களுக்கும் தனிப் பத்திகள் இருக்கின்றன. ஏழு சக்கரங்களைப் பத்து செஃபிராவில் உட்காரவைக்க என்ன பாடுபட வேண்டியிருக்கிறது என்பதை நம் வாசகர்கள் அந்தப் பத்தியைப் பார்த்தாலே புரிந்துகொள்வார்கள். சக்கரம் தெரிந்தவருக்கு அங்கே இடிப்பது போல, எபிரேயம் தெரிந்தவருக்கு மற்ற பத்திகளிலும் இடிக்கும்.

மரமே வேண்டாம் என்பவர்கள்

கபாலாவுக்கு வெளியே இரண்டு போட்டியாளர்களைச் சொல்லலாம். ஒன்று, பழைய மந்திரச் சுவடிக்காரர்கள்: சாலமோனின் திறவுகோல் போன்ற கையேடுகளில் உள்ளபடியே கத்தி, வட்டம், நேரம், விரதம் என்று அச்சுப் பிசகாமல் செய்பவர்கள். அவர்களுக்கு மரம் தேவையில்லை, தேவநாமப் பட்டியல் போதும். பொறுமையும் பணமும் நிறைய வேண்டும்.

இன்னொன்று கேயாஸ் மாந்திரீகம். 1970களின் இங்கிலாந்தில் பீட்டர் கேரல் முதலியோர் தொடங்கியது. நம்பிக்கை ஒரு கருவி, வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிடலாம் என்பது இவர்கள் வாதம். எபிரேயம் வேண்டாம், அட்டவணை வேண்டாம். ஒருவகையில் இவர்கள்தான் நேர்மையானவர்கள். தாங்கள் கட்டியதைத் தாங்களே கட்டியது என்று ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் கேரலின் ஐங்கோணச் சடங்கைப் பாருங்கள்: தேவநாமத்துக்குப் பதில் வெறும் உயிரொலிகள், தூதர்கள் இல்லை. உடம்பில் மேலிருந்து கீழே ஒலி எழுப்புவது, நான்கு திசையிலும் ஐங்கோணம் வரைவது, மறுபடி நடுவுக்கு வந்து முடிப்பது என்ற சட்டகம் அப்படியே கோல்டன் டானுடையது.

சரி, எதை எடுப்பது? சடங்கு செய்து பார்க்க வேண்டும் என்பவர் ஹெர்மெடிக் மரத்தை எடுக்கட்டும். ஏதாவது ஒரு பொருத்த வரிசையை மட்டும் பிடித்துக்கொள்ளட்டும், லேவியையும் க்ரௌலியையும் கலக்க வேண்டாம். டயன் ஃபார்ச்சூன் 1935இல் எழுதிய அறிமுக நூல் இன்றும் நல்ல தொடக்கம்தான், வரலாறு சொல்லும் இடங்களை மட்டும் தாண்டிவிடலாம். வரலாற்றுக்கு ஷோலெமின் 1941ஆம் ஆண்டுப் புத்தகம். லூரியாவின் திக்குன்தான் மனதை இழுக்கிறது என்றால், தேட வேண்டியது மாந்திரீகக் குழுவை அல்ல. எபிரேயம் சொல்லித்தரும் ஆசிரியரையும் ஒரு ஜெபப் புத்தகத்தையும்.