அமானா, ஐயோவா: ஜாம் பாட்டிலோடு திரும்பிவிடாதீர்கள்

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், ஒரு ஜெர்மன் கிறிஸ்தவ சபை அமைத்த ஏழு கிராமங்கள்தான் அமானா. சீடர் ராப்பிட்ஸ் நகரத்திலிருந்து அரை மணி நேரம்தான், இருந்தும் ஐயோவாவுக்குக் குடிவந்து இரண்டு வருடம் கழித்துத்தான் அங்கே போனோம். போகிறவர்கள் பெரும்பாலும் கடைத்தெருவில் ஜாம், ஒயின் வாங்கி, ஜெர்மன் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சாப்பாடு நன்றாகவே இருந்தது, அதில் குறை இல்லை. ஆனால் இப்போது மியூசியமாக இருக்கும் ஹோம்ஸ்டெட் கிராமத்துப் பழைய தேவாலயத்தையும் மிடில் அமானா கிராமத்தின் பொதுச் சமையலறையையும் பார்க்காமல் வந்தால் அமானாவுக்குப் போனதாகவே கணக்கில்லை.

கோபுரத்தை வைத்துத் தேவாலயத்தைத் தேடினால் கிடைக்காது, அது நீளமான ஒரு வீடு மாதிரிதான் இருக்கிறது. உள்ளே சிலுவை இல்லை, பீடம் இல்லை, வண்ணக் கண்ணாடி இல்லை, ஆர்கன்கூட இல்லை. வெளிர் நீலச் சுவர், வரிசையாகப் பெஞ்சுகள், ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கம், அவ்வளவுதான். பெஞ்சில் பெயின்ட் கிடையாது, ஆனால் விளிம்பைத் தடவினால் சிராய் குத்தவில்லை, அத்தனை வருடம் ஆட்கள் உட்கார்ந்து எழுந்தே வழவழப்பாகியிருக்கிறது. சின்ன வயதிலிருந்து பாட்டும் மைக்கும் நிறைந்த ஆராதனையிலேயே வளர்ந்தவள் நான், அந்த அமைதியில் பத்து நிமிடம் உட்கார்ந்ததும் ஜெபம் தானாக வந்தது.

ஜெர்மனியில் 1714-இல் தொடங்கிய சபை இது. அரசுத் திருச்சபையோடு ஒத்துப்போகாததால் பாடுபட்டு, 1840-களில் நியூயார்க் மாநிலத்துக்கு வந்து, 1855 முதல் ஐயோவாவில் ஏழு கிராமங்களை அமைத்துக்கொண்டார்கள். அமானா என்ற பெயர்கூட பைபிளின் உன்னதப்பாட்டில் வருவதுதான். நிலம், பட்டறை, அடுப்பு எல்லாமே பொது, வாரத்துக்கு 11 ஆராதனை. 1932-இல் அந்தப் பொதுவாழ்வை விட்டுவிட முடிவெடுத்தார்கள், நிலமும் தொழிலும் பங்கு நிறுவனமாகின, சபை தனியாகப் பிரிந்தது. பொதுச் சொத்து போனால் விசுவாசமும் போய்விடும் என்றுதானே நினைப்போம்? ஞாயிறு ஆராதனை இன்றும் நடக்கிறது.

சமையலறை அந்த 1932-இல் இருந்தபடியே நிற்கிறது. நீளமான செங்கல் அடுப்பு ஒன்று, அதைச் சுற்றி நின்றுதான் பெண்கள் முப்பது நாற்பது பேருக்குத் தினமும் சமைத்துப் போட்டார்கள். சாப்பிடும்போது அரட்டை கிடையாதாம். விசுவாசம் என்று பேசும்போது இந்த அடுப்படி உழைப்பை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, எனக்கு அதுதான் மனதை அடைத்தது.

அப்புறம், கிளம்பும் முன் ஒரு கல்லறைத் தோட்டத்துக்கும் போய்ப் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரிச் சின்னக் கற்கள், குடும்பம் குடும்பமாக இல்லாமல் இறந்த வரிசைப்படி அடக்கம் செய்திருக்கிறார்கள். கணவன் ஒரு வரிசையில், மனைவி எங்கோ தள்ளி. என் கணவர் அதைப் பார்த்துவிட்டுக் கார் வரைக்கும் என் கையை விடவில்லை.

எல்லா மியூசியமும் வருடம் முழுவதும் திறந்திருப்பதில்லை, குளிர்காலத்தில் போவதானால் முதலில் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.