பழைய படகுக்குப் புது மோட்டார்: யமஹா எஃப்60ஆ, சுசூகி டிஎஃப்60ஏவா?

என் 16 அடி ஃபைபர் படகில் இருந்த இரண்டு ஸ்ட்ரோக் 60 குதிரைத்திறன் மோட்டார் ஓய்ந்துவிட்டது. அதே பிராண்டுக்கு இனி போவதில்லை என்று முடிவெடுத்தபின், கடைசி வரை போட்டியில் நின்றவை இரண்டு: யமஹா எஃப்60, சுசூகி டிஎஃப்60ஏ. நான் வாங்கியது சுசூகி. அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

சில விஷயங்களைச் சுருக்கமாக முடித்துவிடலாம். இரண்டுமே நான்கு ஸ்ட்ரோக், இரண்டிலும் எலக்ட்ரானிக் எரிபொருள் செலுத்தல். பெட்ரோலில் எண்ணெய் கலக்கும் வேலை இல்லை, புகை இல்லை. பழைய கார்பரேட்டர் மோட்டாரிலிருந்து வருபவருக்கு எரிபொருள் மிச்சம் எதிலும் கண்கூடாகத் தெரியும். யமஹாவில் நான்கு சிலிண்டர், 996 சிசி. சுசூகியில் மூன்று, 941 சிசி. ஐடிலில் நிற்கும்போது நான்கு சிலிண்டர் கொஞ்சம் மென்மைதான், அதை மறுக்க மாட்டேன். எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்க, சுசூகியில் டைமிங் செயின் எண்ணெயில் ஓடுகிறது, யமஹாவில் பெல்ட். பெல்ட் என்றால் பயப்பட வேண்டியதில்லை. மேனுவல் சொல்லும் காலத்தில் பார்த்து மாற்றினால் போதும். மறுவிற்பனைக்கு இரண்டு பெயருமே செல்லும்.

என் முடிவைத் தீர்மானித்தது கியர் விகிதம், அதாவது புரொப்பல்லர் ஒரு முறை சுற்ற எஞ்சின் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பது. கடைக்குப் போய்க் கேட்பவர்களில் இதைப் பற்றிக் கேட்பவர் குறைவு. குதிரைத்திறன் எவ்வளவு, எடை எவ்வளவு என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது.

எஃப்60இல் கியர் விகிதம் 1.85:1. டிஎஃப்60ஏயில் 2.27:1. எஞ்சின் 6,000 சுற்று ஓடும்போது யமஹாவின் புரொப்பல்லர் நிமிடத்துக்குச் சுமார் 3,240 முறை சுற்றும். சுசூகியினுடையது சுமார் 2,640 முறைதான். மெதுவாகச் சுற்றினால் பலம் குறைவு என்று தோன்றும், நடப்பது நேர்மாறு. சைக்கிளில் மேடு ஏறும்போது சின்ன கியருக்கு மாற்றுவதைப் போலத்தான் இது. சுற்று குறையும்போது தண்டில் முறுக்குவிசை கூடுகிறது, அதனால் அகலமான புரொப்பல்லரைச் சுழற்ற முடிகிறது. அகலமான புரொப்பல்லர் ஒரே நேரத்தில் அதிகத் தண்ணீரைப் பிடித்துத் தள்ளும், வழுக்கல் குறையும். சுற்று குறைவதால் குறையும் தூரத்தைப் பிட்சை (புரொப்பல்லர் ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம், அங்குலத்தில்) கூட்டி ஈடுகட்டலாம். கணக்குப்படி எஃப்60இல் 12 பிட்ச் தரும் வேகத்துக்கு டிஎஃப்60ஏயில் கிட்டத்தட்ட 15 பிட்ச் வேண்டும்.

புதிய, லேசான அலுமினியப் படகில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பழைய ஃபைபர் படகின் கதை வேறு. தரைக்கு அடியில் உள்ள நுரை வருடக்கணக்கில் தண்ணீர் குடித்திருக்கும். முன்னாள் உரிமையாளர் சேர்த்த பலகையும் பெட்டியும் இருக்கும். ஏட்டில் உள்ள எடையோடு எந்தப் பழைய படகும் தண்ணீரில் இறங்குவதில்லை. அப்படிப்பட்ட படகில் ஐந்து பேர், குளிர்பெட்டி, நிறைந்த டேங்க் என்று ஏற்றினால், அணியம் (முன்முனை) வானத்தைப் பார்க்க, படகு தண்ணீரை உழுதுகொண்டே போகும். தண்ணீர்ப் பரப்பின் மேலே ஏறி ஓடாது. என் பழைய மோட்டார் கடைசிக் காலத்தில் இதைத்தான் செய்தது. அந்த நேரத்தில் ஒரு படகுக்குத் தேவைப்படுவது உச்ச வேகம் இல்லை, தள்ளும் பலம்.

ஏறக்குறைய என் படகைப் போன்ற நண்பரின் படகில் எஃப்60 இருக்கிறது. மூன்று பேரோடு அது பாய்கிறது, என்னுடையதைவிட வேகம் ஒரு பிடி அதிகம் என்றுகூடச் சொல்வேன். ஐந்து பேரோடு போனபோது அது ஏறி ஓட எடுத்த நேரம் அதிகம். அவர் இன்னும் சின்ன பிட்ச் போட்டுப் பார்க்கவில்லை, ஆகவே இதை முழுமையான சோதனை என்று நான் சொல்ல மாட்டேன்.

யமஹாவிடம் இதற்குப் பதில் இல்லாமல் இல்லை. டி60 என்ற ஹை த்ரஸ்ட் (அதிகத் தள்ளுவிசை) மாடலில் விகிதம் 2.33:1. மெர்குரியின் 60 கமாண்ட் த்ரஸ்டும் அதே 2.33:1. ஹோண்டா பிஎஃப்60 நடுவில், 2.07:1. ஆனால் ஹை த்ரஸ்ட் என்றால் கீழ்ப்பகுதி பெரிது, எடையும் கூடுகிறது. சாதாரண எஃப்60 சுமார் 113 கிலோ, டி60 அதற்கும் மேல். டிஎஃப்60ஏ அந்தப் பலத்தைச் சுமார் 104 கிலோவில் தருகிறது. மோட்டாரைத் தாங்கும் வயதான பின்பலகைக்கு அந்தப் பத்துக் கிலோ பெரிய விஷயம். தாழ்ந்து போன பின்பக்கம் இன்னும் தாழ்ந்தால் வடிகால் துளை வழியே தண்ணீர் உள்ளே வரும்.

இந்தப் பலம் மோட்டாரை மாட்டியதும் தானாகக் கிடைத்துவிடாது. புரொப்பல்லர் பொருந்த வேண்டும். முதலில் 14 பிட்ச் போட்டேன். முழுச் சுமையில் 5,200 சுற்றோடு நின்றது. இந்த மோட்டாருக்கு முழுத் த்ராட்டிலில் 5,300 முதல் 6,300 வரை வர வேண்டும். அதற்குக் கீழே ஓட்டுவது எஞ்சினை மூச்சுத் திணற வைப்பது. பிட்சில் ஓர் அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுற்று கூடும் என்பது பொதுவான கணக்கு. 12 பிட்சுக்கு மாற்றினேன்: ஐந்து பேரோடு 5,550, நான் தனியாக 5,900. ஐந்து பேரோடு இப்போது படகு தயங்காமல் எழுகிறது. பழைய புரொப்பல்லரை மாட்டலாம் என்ற எண்ணம் வேண்டாம், பிராண்டு மாறினால் பெரும்பாலும் தண்டின் பல் எண்ணிக்கையும் மாறிவிடும்.

பிராண்டு மாற்றத்தில் கூடவே வரும் வேலைகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்பலகை போல்ட் துளைகள் பெரும்பாலும் ஒரே தர அளவுதான், எனக்கு அப்படியே பொருந்தின. கண்ட்ரோல் பெட்டியும் வயரிங்கும் பொருந்தவில்லை. கேபிள் முனையும் பிராண்டுக்குப் பிராண்டு மாறும். பழைய டாகோமீட்டரை (எஞ்சின் சுற்றைக் காட்டும் மானி) வைத்துக்கொள்வதானால் அதன் பின்புறம் உள்ள காந்தத் துருவ (pole) எண்ணிக்கைத் திருகைப் புது மோட்டாருக்கு ஏற்ப மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மேலே சொன்ன சுற்றுக் கணக்கெல்லாம் பொய்யாகிவிடும். பழைய டேங்கையும் குழாயையும் மாற்றி, தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றும் போட்டேன். கார்பரேட்டர் பொறுத்துக்கொண்ட கசடை இன்ஜெக்டர் பொறுக்காது.

இதுவரை 140 மணி நேரம்தான் ஓட்டியிருக்கிறேன். முதல் 20 மணியிலும் 100 மணியிலும் எண்ணெய் மாற்றியது தவிர வேறு செலவு இல்லை. ஆயிரம் மணி நேரத்தில் மூன்று சிலிண்டரும் செயினும் எப்படி இருக்கும் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்ல இன்னும் காலம் இருக்கிறது. உங்கள் படகு லேசானது, எப்போதும் இரண்டு மூன்று பேர்தான் என்றால் எஃப்60ஐயே எடுங்கள், அந்த நான்கு சிலிண்டர் ஓட்டம் இனிமையானது. சுமை ஏற்றும் பழைய படகு என்றால் என் கை சுசூகி பக்கம்தான் நீளும். வாங்குவதற்கு முன், முழுச் சுமையோடு ஓட்டிப் பார்த்து புரொப்பல்லரை மாற்றித் தருவார்களா என்று விற்பவரிடம் கேட்டுவிடுங்கள்.