வளவுக்குள் மூன்று வருஷம்: ஜிம்மை விட்டு வீட்டில் உடற்பயிற்சி செய்த அனுபவம்

2022 ஆடியில் காரைக்குடி ஜிம்முக்குப் போவதை நிறுத்தினேன். அதற்கு முன் ஏழு மாதம் ஒழுங்காகப் போனவள் நான். அன்றிலிருந்து கோட்டையூரில் எங்கள் வீட்டு வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டில்தான் பயிற்சி. வாரம் மூன்று நாள் எடை தூக்குவது, இரண்டு நாள் ஊருணியைச் சுற்றி வேக நடை. வயது 43, பள்ளிக்கூடத்தில் வேலை. "ஜிம்முக்குப் போகவா, வீட்டிலேயே செய்யவா, என்ன சாமான் வாங்கட்டும்" என்று தெரிந்த பெண்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் மூன்று வருஷத்தில் பார்த்ததை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஜிம் கெட்ட இடம் என்று சொல்ல மாட்டேன். எடைக் கம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழ அங்கேதான் கற்றேன். தொந்தரவெல்லாம் கம்பிக்கு வெளியே இருந்தது. பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரம் காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டு. வேலைக்குப் போகிற எவளுக்கு அந்த நேரம் ஒழியும்? மற்ற நேரமெல்லாம் பொது. காலை ஐந்தரைக்குப் போனால் பதினைந்து பையன்கள், நான், இன்னொரு பெண். யாரும் தப்பாக நடந்ததில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் குனியும்போதெல்லாம் கை தானாக டி-ஷர்ட்டின் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். எத்தனையாவது தடவை என்று எண்ண வேண்டிய மனசு, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும். யாராவது கண்ணாடி முன் நின்று தன்னைப் படம் எடுத்தால் அந்தப் படத்தில் நானும் விழுகிறேனா என்று ஒதுங்குவேன். பயிற்சியாளர் என்னை எப்போதும் ட்ரெட்மில் பக்கமே அனுப்பினார். "லேடீஸுக்கு வெயிட் எதுக்கு மேடம், உடம்பு குறைஞ்சாப் போதும்" என்பார். கம்பியை நானாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. துணி மாற்றத் தனி அறை கிடையாது. வியர்த்த துணியோடு துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு பஸ் ஏற வேண்டும்.

பஸ்ஸுக்குக் காசு ஒரு பொருட்டில்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. போனது நேரம். முக்கால் மணி நேரப் பயிற்சிக்கு வாசலைத் தாண்டித் திரும்ப இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்துக்கும் வீட்டில் கணக்குச் சொல்ல வேண்டும். எத்தனை மணிக்கு வருவாய், மாவு யார் ஊற்றுவது, பிள்ளையை யார் எழுப்புவது. கேட்பவர்கள் கோபமாகக் கேட்பதில்லை, பிரியமாகத்தான் கேட்கிறார்கள். தினமும் பதில் சொல்வதே ஒரு வேலையாகிப் போனது.

ஜிம்மை விட்டபோது எனக்கு மட்டும்தான் இப்படியோ என்று நினைத்தேன். அக்கம்பக்கத்தில் பேசப் பேச ஒவ்வொருத்திக்கும் ஒரு காரணம் இருந்தது. அடுத்த தெருப் பெண்ணின் கணவர் சிங்கப்பூரில். ஒரு மணி நேரம் வெளியே போனாலும் பார்க்கிற எல்லாரும் விசாரிப்பார்கள். உடன் வேலை பார்க்கும் ஒரு முஸ்லிம் சகோதரிக்கு ஹிஜாப் இல்லாமல், இறுக்கமில்லாத உடையில், நிம்மதியாக வியர்க்க வேண்டும். அது அவர் அறையில்தான் முடியும். இன்னொருவருக்கு மாதவிடாய் நாளில் நடுவில் படுத்துக்கொள்ளும் வசதி வேண்டும்.

ஐம்பத்தெட்டு வயது ஆச்சி ஒருவர் மூன்றாவது தடவை பேசும்போதுதான் சொன்னார். குதித்தால், தும்மினால், சிறுநீர் கசிகிறது. குழு வகுப்பில் எல்லோரும் குதிக்கும்போது தான் மட்டும் நின்றால் காரணம் கேட்பார்களே என்ற பயத்தில் போவதையே விட்டுவிட்டார். பிள்ளை பெற்றவர்களுக்கும் மாதவிடாய் நிற்கும் வயதினருக்கும் இது சாதாரணமாக வருவது. சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் தசைகள் தளர்வதுதான் பெரும்பாலும் காரணம். சிறுநீரை அடக்குவதுபோல் அந்தத் தசையைச் சில நொடி இறுக்கி, பிறகு முழுசாகத் தளர்த்திப் பழகினால் பலருக்குக் குறைகிறது. பிசியோதெரபிஸ்ட் முறையாகச் சொல்லித் தருவார். வெட்கத்தில் மறைத்து மறைத்து உடம்பையே அசைக்காமல் விட்டுவிடுகிறார்களே என்பதுதான் என் வருத்தம். அந்த ஆச்சி இப்போது வீட்டில் குதிக்காத பயிற்சிகள் மட்டும் செய்கிறார்.

இனி வீடு. எங்களுடையது பங்காளிகளுக்குப் பொதுவான பழைய வீடு. எங்கள் பங்குக்கு வளவில் இரண்டு அறை, பின்கட்டில் கொஞ்சம். முற்றத்தைச் சுற்றி ஓடும் பத்தியில் எட்டடிக்கு ஆறடி இடம் போதும். காலை ஐந்தேகாலுக்கு முற்றத்தின் மேல் வானம் வெளுக்கும்போது ஆரம்பித்தால், பால்காரர் மணி அடிப்பதற்குள் நாற்பது நிமிஷம் முடிந்துவிடும். சித்திரை வெயிலிலும் இந்த ஆத்தங்குடிப் பூக்கல் பதித்த தரை காலுக்குக் குளிர்ச்சி. ஆனால் வியர்வை சொட்டினால் வழுக்கும். பக்கத்தில் ஒரு துடைதுணி எப்போதும் வேண்டும்.

அந்தத் தரைக்கு நான் செய்த தீங்கையும் சொல்கிறேன். முதல் வருஷம் ஐந்து கிலோ டம்பெல் கை நழுவி ஒரு கல்லின் மூலையைப் பெயர்த்துவிட்டது. அயித்தை ஒன்றும் சொல்லவில்லை, அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. ஆத்தங்குடிக்கே போய் அதே பூவேலையில் ஒரு கல் வாங்கினேன். கண்ணாடித் தட்டின் மேல் அச்சு வைத்து, வண்ண சிமென்டைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துச் செய்கிறார்கள். சூளையில் சுடுவதில்லை. கை வேலை என்பதால் ஒரு கல்லின் சிவப்பு இன்னொன்றுக்கு அச்சாக வராது. நடந்து நடந்து மெருகேறிய பழைய சிவப்புக்குப் புதுசு பொருந்தவே இல்லை. மூன்று வருஷத்தில் கொஞ்சம் நெருங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு எடை வைக்கும் இடத்தில் கயிற்று மிதியடி ஒன்றை இரண்டாக மடித்துப் போட்டுத்தான் தூக்குகிறேன். மொசைக், டைல்ஸ் தரை வைத்திருப்பவர்களும் இதை முதல் நாளே செய்யுங்கள்.

சாமான்கள். பாயில்தான் முதலில் ஏமாந்தேன். மெத்துமெத்தென்று இருந்தால் முழங்காலுக்கு நல்லது என்று பத்து மில்லிமீட்டர் பாய் வாங்கினேன். படுத்துச் செய்ய சுகம். நின்று செய்யும்போது கணுக்கால் ஆடும், இந்த வழுவழுப்பான தரையில் பாயே நகரும். இப்போது ஆறு மில்லிமீட்டர் பாய், அதுவும் படுத்துச் செய்பவற்றுக்கு மட்டும். நின்று செய்வதெல்லாம் வெறுங்காலோடு தரையில்.

டம்பெல்லில் முதலில் வாங்கியது மேலே பிளாஸ்டிக், உள்ளே சிமென்ட் அடைத்தது. விலை குறைவு. ஒன்றரை வருஷத்தில் தையல் பிரிந்து தூள் கொட்டியது. அதைவிடப் பெரிய குறை, எடையைக் கூட்ட முடியாது என்பது. பிறகு வார்ப்பிரும்புத் தட்டுகளும் இரண்டு சிறு கம்பிகளும் வாங்கினேன். கைக்குப் பத்து கிலோ வரை ஏற்றலாம். வாங்கியதில் இதுதான் காசுக்குத் தகுந்த சாமான். தட்டைப் பிடித்திருக்கும் திருகு செய்யச் செய்யத் தளரும். ஒவ்வொரு சுற்றுக்கு முன்னாலும் இறுக்கிப் பாருங்கள். நம் ஊர்க் காற்றில் துரு பிடிக்கிறது என்றால் மாதம் ஒருமுறை தேங்காயெண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும்.

ரப்பர் பட்டைகள் மலிவு, வேலையும் நன்றாகச் செய்கின்றன. தூணில் கட்டி நெஞ்சுக்கு இழுப்பேன். தூணுக்கும் பட்டைக்கும் நடுவில் அயித்தையின் பழைய கண்டாங்கிச் சேலை எட்டு மடிப்பாக இருக்கும். தேக்கின் மெருகும் போகாது, பட்டையும் மேலே வழுக்காது. முதல் தடவை பார்த்த எதிர்வீட்டு ஆச்சி, "என்னாத்தா, தூணைக் கட்டி இழுக்கிறே?" என்று பதறி வந்துவிட்டார். ரப்பருக்கு எதிரி வெயில். முற்றத்து ஓரம் தொங்கவிட்டிருந்த பட்டை இரண்டாவது கோடையில் அறுந்து மணிக்கட்டில் அடித்தது, ஒரு வாரம் தடிப்பு. முகத்தில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன். அன்றிலிருந்து பவுடர் தூவி அலமாரிக்குள்தான். நிறத்தை நம்பி வாங்காதீர்கள். ஒரு கம்பெனியின் பச்சை இன்னொரு கம்பெனியின் பச்சையைவிடக் கடினமாக இருக்கும்.

எல்லாவற்றுக்கும் சேர்த்து எனக்கு ஆன செலவு சுமார் ஐந்தாயிரம். ஜிம்முக்கு மாதம் 1,200 கட்டிக்கொண்டிருந்தேன்.

"வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே, அந்தக் காலத்தில் ஆட்டுக்கல்லும் உரலும் இருந்துச்சே" என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பெருக்குவதும் துவைப்பதும் உடம்பை அசைப்பவைதான், மறுக்கவில்லை. ஆனால் தசைக்கும் எலும்புக்கும் பலம் ஏற வேண்டுமென்றால் சுமை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட வேண்டும். குடத்தின் எடை இருபது வருஷமாக அதேதான். எங்கள் அப்பத்தா வாழ்நாளெல்லாம் அரைத்தவர்தான். கடைசிப் பத்து வருஷம் கூன் விழுந்து, குளியலறையில் லேசாக வழுக்கியதிலேயே இடுப்பெலும்பு முறிந்தது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் எலும்பு வேகமாக அடர்த்தி இழக்கும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வாரம் 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பும், வாரத்தில் இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் பெரியவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். முதல் பாதியை நடையில் முடித்துவிடும் பெண்கள் இரண்டாவது பாதியைத் தொடுவதே இல்லை.

எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன். எடை 71இலிருந்து 66க்கு வந்து நின்றுவிட்டது, அதற்குமேல் இறங்கவில்லை. சுவரில் கை ஊன்றி ஆரம்பித்த தண்டால், பிறகு வளவுத் திண்ணை உயரத்துக்கு இறங்கி, தரைக்கு வரப் பதினான்கு மாதம் ஆனது. நிறைந்த சிலிண்டர், எரிவாயு மட்டும் 14.2 கிலோ, இரும்போடு முப்பது கிலோ பக்கம் வரும். அதை முகப்பிலிருந்து நிலைப்படிகளைத் தாண்டி நானே அடுப்படிக்குக் கொண்டுபோகிறேன். போன தையிலிருந்து அயித்தையும் நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழும் பயிற்சியைச் செய்கிறார். நான்கில் தொடங்கி இப்போது பன்னிரண்டு.

குறைகளும் உண்டு. வீட்டில் நம்மைப் பார்த்துத் திருத்த ஆளில்லை. பட்டையை இழுக்கும்போது தோளைக் காதுவரை தூக்கியிருக்கிறேன், தெரியவே இல்லை. இரண்டு மாதம் இடது தோள் வலி. பிசியோதெரபிஸ்டிடம் ஒரே ஒரு தடவை காட்டியதில் சரியானது. இப்போது மாதம் ஒருமுறை செல்ஃபோனை ஜன்னல் கம்பியில் சாய்த்து, பக்கவாட்டில் வைத்துப் படம் எடுத்துப் பார்க்கிறேன். முன்னால் வைத்தால் முதுகு வளைவது தெரியாது. இரண்டாவது வருஷத்தில் கால்களுக்குப் பத்து கிலோ போதாமல் முன்னேற்றம் நின்றது. அந்த இடத்தில் ஜிம்தான் மேல், சந்தேகமே இல்லை.

விட்டுப் போவதும் சுலபம். முன்னோரைக் கும்பிடும் படைப்புக்குப் பங்காளிகள் வந்தால் நான்கு நாள் வளவில் கால் வைக்க இடமிருக்காது. அயித்தைக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது ஏழு வாரம் விட்டேன். தினசரிக் காலண்டர் தாளில் பென்சிலால் கோடு போடும் பழக்கம்தான் என்னைத் திரும்ப இழுத்து வந்தது.

என் நாத்தனார் இதற்கு நேரெதிர். தேவகோட்டையில் இருக்கிறார், ஜிம்மை விடவே மாட்டார். "வீட்டுல பாயை விரிச்சா அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் யாராவது கூப்புடுறாங்க அண்ணி. ஜிம்முல மட்டும்தான் என்னை அம்மான்னு கூப்பிட யாருமில்லை" என்றார் ஒருநாள். அன்று இரவு முழுக்க அதை நினைத்துக்கொண்டிருந்தேன். நான் தேடியதும் அவர் தேடியதும் ஒன்றுதான், யாருக்கும் பதில் சொல்லாத ஒரு நாற்பது நிமிஷம். எனக்கு அது வாசலுக்கு உள்ளே கிடைத்தது, அவருக்கு வாசலைத் தாண்டினால்தான் கிடைக்கிறது. எனக்கு உள்ளே கிடைத்ததற்கும் ஒரு காரணம் உண்டு. முதல் மாதமே, "அஞ்சேகால்ல இருந்து ஆறு வரைக்கும் நான் வீட்ல இல்லைன்னு வச்சுக்கங்க" என்று வீட்டில் சொல்லிவிட்டேன். கூப்பிட்டால் திரும்பாமல் இருக்க மூன்று மாதம் பிடித்தது. அதைச் சொல்ல முடியாத வீடாக இருந்தால், பணமும் நேரமும் இடம் கொடுத்தால், ஜிம்முக்கே போங்கள்.

வருகிற தையில் 16 கிலோ கெட்டில்பெல் (கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு) ஒன்று வாங்கப் போகிறேன், கால் பயிற்சிக்காக. ஆறு மாதம் பயன்படுத்தின பிறகு அதைப் பற்றி எழுதுகிறேன். அதற்கு முன்னால், ரப்பர் பட்டை வைத்திருப்பவர்கள் இன்றைக்கே வெளிச்சத்தில் இழுத்துப் பிடித்து, மெல்லிய விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.