மார்சியானோவா, ஹோம்ஸா: எதிரே நின்றவர்களை வைத்து ஒரு கணக்கு

1985 செப்டம்பர் 21 இரவு லாஸ் வேகாஸ் குத்துச்சண்டை மேடையில் ஏறியபோது ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) சாம்பியன் லாரி ஹோம்ஸின் கணக்கில் 48 சண்டை, 48 வெற்றி. இன்னும் ஒன்று ஜெயித்தால் பழைய ஹெவிவெயிட் சாம்பியன் ராக்கி மார்சியானோவின் 49ஐத் தொட்டுவிடலாம். மார்சியானோ தன் 49ஆவது சண்டையைப் போட்டதும் அதே செப்டம்பர் 21தான், சரியாக 30 வருடம் முன்பு. இரண்டு இரவுகளிலும் எதிரே நின்றவர் அதைவிடக் குறைந்த எடையான லைட் ஹெவிவெயிட் பிரிவின் சாம்பியன். 1955இல் மார்சியானோ ஆர்ச்சி மூரை ஒன்பதாவது ரவுண்டில் சாய்த்தார். 1985இல் ஹோம்ஸ் மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் புள்ளிக்கணக்கில் தோற்றார். அன்றோடு ஒருவர் 'தோற்கவே தோற்காதவர்' என்று நிலைத்துவிட்டார், மற்றவர் 'ஒன்றில் கோட்டைவிட்டவர்' ஆகிவிட்டார்.

எனக்கு இந்த 49, 48 கணக்கில் பெரிய மரியாதை இல்லை. யாரை அடித்தார், அதுவும் அவர் எந்த நிலையில் இருந்தபோது அடித்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். இருவர் மேலும் ஆளுக்கொரு பழி உண்டு. மார்சியானோ கிழவர்களை அடித்தார் என்பார்கள். ஹோம்ஸ் பேர் தெரியாதவர்களை அடித்தார் என்பார்கள். இரண்டிலும் பாதிதான் உண்மை.

மார்சியானோவிடம் இருந்து தொடங்குவோம். அவர் வென்ற பெயர்களில் பெரியது ஜோ லூயிஸ், 1951 அக்டோபர். ஆனால் அந்த வெற்றியை நான் குறைவாகத்தான் மதிப்பேன். லூயிஸுக்கு 37 வயது, வரிக்கடனுக்காக மேடைக்குத் திரும்பியவர். அதற்கு முன் வரிசையாக எட்டு சண்டை ஜெயித்திருந்தார் என்பது உண்மைதான், ஆனாலும் கயிற்றுக்கு வெளியே விழுந்து கிடந்தவர் பழைய லூயிஸ் இல்லை.

அப்புறம் ஜெர்சி ஜோ வால்காட். மார்சியானோ அவரைச் சந்தித்தபோது அவருக்கு 38 வயது. வயதை மட்டும் பார்த்தால் இதையும் தள்ளிவிட வேண்டும். ஆனால் வால்காட்டின் உச்சமே அந்த வயதில்தான் வந்தது. 37 வயதில் எஸ்ஸார்ட் சார்ல்ஸை ஏழாவது ரவுண்டில் ஒரே இடது கொக்கியில் (வளைத்து வீசும் குத்தில்) படுக்கவைத்துப் பட்டத்தை எடுத்தவர், அடுத்த வருடம் அதே சார்ல்ஸை மறுபடியும் வென்றவர். 1952 செப்டம்பர் 23, பிலடெல்பியா. முதல் ரவுண்டிலேயே மார்சியானோவைத் தரையில் தள்ளினார். அதுவரை மார்சியானோ யாரிடமும் விழுந்ததில்லை. பன்னிரண்டு ரவுண்டு முடிந்தபோது மூன்று நடுவர்களின் தாளிலும் வால்காட்தான் முன்னிலை. பதின்மூன்றாவது ரவுண்டில் வால்காட் பின்வாங்கிக் கயிற்றுக்கு வந்தார், இருவரும் ஒரே நேரத்தில் வலது கையை விட்டார்கள். மார்சியானோவின் கை முந்திக்கொண்டது. வால்காட்டின் ஒரு கை கயிற்றில் மாட்டிக்கொள்ள, உடம்பு மெல்ல மடிந்து முழங்காலில் இறங்கியது. இந்த ஒரு வெற்றிக்கு ஈடாக ஹோம்ஸின் பட்டியலில் எதுவும் இல்லை என்று தைரியமாகச் சொல்வேன்.

சார்ல்ஸ் விஷயம் கொஞ்சம் சிக்கல். 1953இல் நினோ வால்டஸிடமும் ஹெரால்ட் ஜான்சனிடமும் தோற்றிருந்தார். அவருடைய பொற்காலம் 1940களில், அதுவும் குறைந்த எடைப் பிரிவில். ஆனாலும் 1954 ஜூனில் யாங்கி ஸ்டேடியத்தில் வந்து நின்றவர் ஓய்ந்துபோன ஆள் இல்லை. மார்சியானோவோடு 15 ரவுண்டும் நின்று முடித்த ஒரே மனிதர் அவர்தான். மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் மார்சியானோவின் மூக்கு நுனியைப் பிளந்துவிட்டார். ரத்தம் நிற்கவில்லை, சண்டையை எந்த நிமிடமும் நிறுத்தியிருப்பார்கள். எட்டாவது ரவுண்டில் மார்சியானோ முடித்துவிட்டார். நல்ல காலம் முடிந்தவர்தான், ஆனால் தன்னிடம் மிச்சமிருந்ததை எல்லாம் சார்ல்ஸ் இந்த இரண்டு இரவில் கொட்டினார். மூரையும் கிழவர் என்று ஒதுக்க முடியாது. மார்சியானோவிடம் தோற்றபின்பும் பல வருடம் தன் எடையில் சாம்பியனாக இருந்தவர்.

ஹோம்ஸின் பட்டியலிலும் முதலில் பெரிய பெயரைக் கழித்துவிடலாம். 1980 அக்டோபரில் எதிரே உட்கார்ந்திருந்த முகமது அலிக்கு 38 வயது, இரண்டு வருடமாக மேடை ஏறாதவர், உடம்பு சரியில்லாதவர். பத்து ரவுண்டுக்குப் பிறகு மூலையிலிருந்து எழவில்லை. இதற்கு நான் தரும் மதிப்பு பூஜ்யம். லூயிஸுக்காவது எட்டு வெற்றி இருந்தது.

ஆனால் கென் நார்ட்டன் வேறு. 1978 ஜூன் 9 அன்று நார்ட்டனுக்கு 34. இரண்டு வருடம் முன்பு அலியிடம் அவர் தோற்றதாகச் சொன்ன தீர்ப்பு இன்றும் விவாதிக்கப்படுகிறது. ஹோம்ஸ் இடது கையில் தசைக் காயத்தோடு வந்தார். அவருடைய மொத்த ஆட்டமும் அந்த இடது ஜாப்பை (கையை நேராக நீட்டி விடும் குத்தை) நம்பியது என்பதை நினைவில் வையுங்கள். பதினான்கு ரவுண்டு வரை சமமாக வந்த சண்டை, பதினைந்தாவதில் இருவரும் தற்காப்பை மறந்து மாறி மாறி அடித்துக்கொண்டார்கள். இரண்டு நடுவர்கள் 143-142 என்று ஹோம்ஸுக்கும், ஒருவர் 143-142 என்று நார்ட்டனுக்கும் கொடுத்தார்கள்.

மறு வருடம் மார்ச்சில் எர்னி ஷேவர்ஸ் அதே நார்ட்டனை முதல் ரவுண்டிலேயே நொறுக்கினார். ஆறு மாதத்தில் அந்த ஷேவர்ஸின் வலது கை ஏழாவது ரவுண்டில் ஹோம்ஸின் முகத்தில் இறங்கியது. மல்லாந்து விழுந்தவர் எழுந்தார், பதினொன்றாவதில் சண்டையை முடித்தார்.

சரி, பேர் தெரியாதவர்கள்? மைக் வீவரை ஹோம்ஸ் 1979இல் வென்றார், அடுத்த வருடம் வீவர் சாம்பியன் (பட்டம் தரும் அமைப்புகள் அப்போது ஒன்றுக்கு மேல்). டிம் விதர்ஸ்பூனை 1983இல், அதுவும் தத்தித் தத்தி, நடுவர்கள் ஒருமனப்படாத பிரிந்த தீர்ப்பில் வென்றார், அடுத்த வருடம் விதர்ஸ்பூன் சாம்பியன். ஹோம்ஸிடம் தோற்ற ட்ரெவர் பெர்பிக்கும் ஜேம்ஸ் ஸ்மித்தும் 1986இல் பட்டம் எடுத்தார்கள். மார்சியானோவின் எதிரிகளுக்குப் புகழ் முன்னாலேயே வந்துவிட்டது, ஹோம்ஸின் எதிரிகளுக்குப் பின்னால் வந்தது. மேடை ஏறிய நாளில் விதர்ஸ்பூன் 15 சண்டைதான் போட்டிருந்தார், ஆகவே நாம் பெயரைப் பார்த்து அளக்கிறோம், ஆளைப் பார்ப்பதில்லை. உடம்பளவும் உண்டு. ஹோம்ஸ் வென்ற ஜெர்ரி கூனி 6 அடி 6 அங்குலம். மார்சியானோ வென்ற மூர் சுமார் 188 பவுண்டு.

ஹோம்ஸ் மேல் எனக்கு உள்ள குறை அவர் சந்திக்காதவர்களைப் பற்றியது. கிரெக் பேஜ் கியூவில் காத்திருந்தார். பிங்க்லன் தாமஸ், கோட்ஸி யாரோடும் சண்டை நடக்கவில்லை. விதர்ஸ்பூனுக்கு மறுவாய்ப்பு தரவில்லை. பத்தே சண்டை போட்டிருந்த மார்விஸ் ஃப்ரேசியரை 1983இல் முதல் ரவுண்டில் முடித்தார். உலகக் குத்துச்சண்டை கவுன்சிலே அந்தச் சண்டைக்குப் பட்ட அந்தஸ்து தர மறுத்தது. மார்சியானோவிடம் இப்படி ஓட்டை தேடினால் வால்டஸ் ஒருவர்தான் அகப்படுவார், 1955இல் அந்த வால்டஸை வென்ற மூரை மார்சியானோ அதே வருடம் சந்தித்தார்.

ஒற்றை வெற்றி என்றால் மார்சியானோவுக்கு என் ஓட்டு, வால்காட்டுக்காக. தன் காலத்தில் யாரையும் விட்டுவைக்காததற்கும் அவருக்கே. ஆனால் மொத்தப் பட்டியலின் ஆழம் என்று கேட்டால் ஹோம்ஸ். நார்ட்டன், ஷேவர்ஸ், வீவர், கூனி, விதர்ஸ்பூன், ஸ்மித் என்று திடமான பெரிய ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள்.

வயதைக் காட்டி வெற்றியைத் தள்ளுபவர்களுக்கு இன்னொரு சண்டையும் உண்டு. 1992 பிப்ரவரி, அட்லாண்டிக் சிட்டி. ஒலிம்பிக் தங்கம் வென்ற, தொழில்முறையில் அதுவரை தோற்காத ரே மெர்சருக்கு எதிரே 42 வயதுக்காரர் ஒருவரை நிறுத்தினார்கள். மெர்சர் ஜெயித்திருந்தால் 'கிழவரை அடித்தார்' என்று ஒரு வரியில் முடித்திருப்போம். அந்தக் கிழவர் கயிற்றோரமாகச் சாய்ந்து நின்று, ஜாப்பை விட்டுக்கொண்டே, 12 ரவுண்டும் மெர்சருக்குப் பாடம் எடுத்தார். லாரி ஹோம்ஸ்தான் அது.