உரைத்துப் பார்க்காமல் வாங்கிய சர்வர்: செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஓர் எச்சரிக்கை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்கிறோம். பட்டறை சிவதாபுரத்தில் இருக்கிறது. வெள்ளி விலை ஏறியதில் ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டி இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிவு செய்யும் மின்னணு பில்) கட்டாயமானபோது, தனித்தனிக் கணினிகளில் கிடந்த கணக்கையெல்லாம் ஒரே சர்வருக்குக் கொண்டுவருவது, பட்டறைக்கும் முறையான நெட்வொர்க் அமைப்பது என்று முடிவெடுத்து, நகரில் உள்ள ஒரு நிறுவனத்திடம் 2024 ஜூனில் வேலையை ஒப்படைத்தோம். சர்வர், அதற்கான விண்டோஸ் உரிமம், பேக்கப் பெட்டி, கேபிள், பட்டறைக் கேமராக்கள், டொமைன் என்கிற கடையின் இணைய முகவரி, மின்னஞ்சல் எல்லாம் சேர்த்து, வரி நீங்கலாக 4,80,000 ரூபாய். வழக்கறிஞர் நோட்டீஸ் போயிருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பது தெரிந்தால், உங்கள் கடையில் அது நடக்கும்போது நீங்களே கண்டுகொள்ளலாம்.

ஆறு மாதம் எந்தக் குறையும் இல்லை. டிசம்பரில், பொங்கல் ஆர்டர்கள் குவிந்திருந்த வாரத்தில், சர்வர் மணிக்கொருமுறை தானாக அணையத் தொடங்கியது. பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே டாலி கணக்கு மென்பொருள் நின்றுவிடும். வாடிக்கையாளர் எதிரில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். “அண்ணா, நம்ம பேட்டையில வோல்டேஜ் ஏறி இறங்குது, ஆன்லைன் யுபிஎஸ் இல்லாம சர்வர் தாங்காது” என்றார் அவர்கள் அனுப்பிய தம்பி. 46,000 ரூபாய்க்கு 2 கேவிஏ யுபிஎஸ் வாங்கினோம். அதைப் பொருத்திய அன்றே தொல்லை நின்றதால் நாங்களும் நம்பினோம். 2025 ஜூனில் அதே தொல்லை திரும்பி வந்தபோது, மதர்போர்டு பழுது, 60,000 ரூபாய் ஆகும் என்றார்கள். வோல்டேஜும் மதர்போர்டும் கடிகாரம் பார்த்தா கெட்டுப்போகும் என்ற கேள்வி எனக்கு அப்போதுதான் உதித்தது.

பெங்களூரில் சர்வர் பராமரிப்பு வேலை பார்க்கும் என் அக்கா மகன் அந்தச் சமயத்தில் ஏற்காடு அடிவாரத்தில் உள்ள தன் வீட்டுக்கு வந்திருந்தான். நாங்கள் விடாமல் கேட்டு மூன்றாம் நாள் நிர்வாகக் கடவுச்சொல் கிடைத்ததும், பூட்டிய ரேக்கில் திரையில்லாமல் இருந்த சர்வருக்கு ஒரு மானிட்டரை மாட்டினான். திரையின் வலது கீழ் மூலையில் சிறிய எழுத்தில், இது சோதனைப் பதிப்பு என்று எழுதியிருந்தது. “மாமா, நீங்க காசு கொடுத்த லைசென்ஸ் இதுல இல்லவே இல்ல” என்றான். விண்டோஸ் சர்வரின் சோதனைப் பதிப்பை மைக்ரோசாஃப்ட் 180 நாளுக்கு இலவசமாகத் தருகிறது. கெடு முடிந்தால் இயந்திரம் மணிக்கொருமுறை தானே அணைந்துவிடும். ஒரு கட்டளையைத் தட்டிக் கெடுவை மறுபடியும் 180 நாளுக்கு நீட்டலாம், ஆனால் அதற்கும் சில முறை என்ற வரம்பு உண்டு. யுபிஎஸ் மாட்ட வந்த அன்று அந்தக் கட்டளையும் தட்டப்பட்டது என்பதை, எண்ணிப் பார்த்த தேதிகளே சொல்லிவிட்டன. விலைப்பட்டியலில் இந்த உரிமத்துக்கென்று தனி வரி போட்டு வாங்கிய தொகை 72,000 ரூபாய்.

அடுத்தது கேபிள், இதை எழுதத்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பட்டறைக் கேமராக்கள் இருட்டியதும் அணைந்து அணைந்து எரியும். வெள்ளிப் பொடி கிடக்கும் இடத்தில் கேமரா வேலை செய்ய வேண்டியதே இரவில்தான். மருமகன் கேபிளின் ஒரு முனையை நறுக்கிப் பிளேடால் சுரண்டியபோது, செம்பு நிறத்துக்கு அடியில் வெள்ளையாக அலுமினியம் தெரிந்தது. நான் நாள் முழுவதும் டச், அதாவது வெள்ளியின் தூய்மை, பார்த்து வாங்குகிறவன். செம்பு முலாம் பூசிய அலுமினியத்தைச் சுத்தச் செம்பின் விலைக்கு வாங்கியிருக்கிறேன். அலுமினியக் கம்பியில் மின்தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கேமராவுக்கு மின்சாரமும் அதே கேபிளில்தான் போகிறது. இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது கூடுதல் மின்சாரம் தேவைப்பட, எழுபது மீட்டர் தள்ளியிருக்கும் கேமராவுக்குப் போதிய வோல்டேஜ் போய்ச் சேராது. 305 மீட்டர் பெட்டியைக் கையில் தூக்கியிருந்தால்கூட எடை குறைவது எனக்குத் தெரிந்திருக்கும்.

பேக்கப் பெட்டியில் இரண்டு 4 டிபி டிஸ்க்குகளை தகவலை இரண்டிலும் பிரித்துப் பிரித்து எழுதும் ரெய்டு 0 முறையில் இணைத்து, 8 டிபி என்று காட்டியிருந்தார்கள். இரண்டில் ஒன்று போனாலும் எல்லாம் போய்விடும் என்ற அமைப்புக்குப் பேக்கப் என்று பெயர் வைத்த துணிச்சலை என்னவென்று சொல்வது! நல்லவேளையாக இரண்டும் இன்னும் ஓடுகின்றன. இப்போது தினமும் ஒரு நகலைத் தனி டிஸ்க்கில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறோம்.

இந்த வேலைக்கு 18 சதவீத ஜிஎஸ்டியாக 86,400 ரூபாய் கொடுத்தோம். அவர்கள் அந்த பில்லைக் கணக்கில் காட்டாததால் அது, எங்களுக்கு விற்றவர்கள் கணக்கில் காட்டிய பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி படிவத்தில் வரவேயில்லை. அதில் வராத வரியை உள்ளீட்டு வரியாக எடுத்து, நாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது என்று ஆடிட்டர் கைவிரித்துவிட்டார். வரித்தொகையை மட்டுமாவது, பில் 2பியில் ஏறிய பிறகு தருவதாக ஒப்பந்தம் போடுங்கள். நுகர்வோர் நீதிமன்றம் போகலாமே என்று பலரும் கேட்டார்கள். 2019ஆம் ஆண்டுச் சட்டம், வணிக நோக்கத்துக்காக வாங்கியவரை நுகர்வோர் என்ற வரையறைக்குள் சேர்ப்பதில்லை. சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கியவருக்கு மட்டும் விலக்கு உண்டு. பதினோரு பேர் வேலை செய்யும் எங்கள் கடைக்கு அது பொருந்தாது என்பதால் சிவில் வழக்குதான் வழி.

கடைசிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்பே, உரிமம் எங்கள் கடையின் பெயரில் பதிவாகியிருப்பதை எங்கள் கண்ணால் பார்த்து, எல்லாக் கடவுச்சொற்களையும் எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். வாங்காததால் டொமைன் இன்றைக்கும் அவர்களுடைய கணக்கில், அவர்களுடைய மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது. மாற்றித் தரக் கேட்டால் மதர்போர்டுப் பாக்கியைப் பற்றிப் பேசுகிறார்கள். டொமைன் யார் கையில் இருக்கிறதோ அவர்களால் எங்கள் கடை முகவரியிலிருந்தே கடிதம் அனுப்ப முடியும். ஆகையால் எங்களிடம் கொலுசு எடுக்கும் கடைக்காரர்கள், வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று எங்கள் பழைய மின்னஞ்சலிலிருந்து தகவல் வந்தால், ஒரு ரூபாய்கூட அனுப்பாமல், உங்கள் பழைய பில்லில் அச்சாகியிருக்கும் கடைத் தொலைபேசிக்கு அழைத்துக் கேளுங்கள்.